பேக்கப் இருக்கு... ஆனா திரும்ப வருமா? சோர்ஸ் கோடு அழிந்தால் மீட்பது எப்படி, இழக்காமல் தடுப்பது எப்படி?

அமெரிக்க தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின், 2025 ஜூலையில் 'ரெப்லிட்' என்ற ஏஐ கருவியை வைத்து ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். இனி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று ஏஐ-க்கு உத்தரவும் போட்டிருந்தார். ஆனால் அந்த ஏஐ, செயலியின் டேட்டாபேஸையே அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன.

அதைவிட ஆச்சரியம் அடுத்து நடந்தது. அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றும் அந்த ஏஐ சொன்னது. லெம்கின் தானே முயற்சி செய்து பார்த்தார். டேட்டா திரும்ப வந்துவிட்டது!

அழிந்தது டேட்டாபேஸ் என்றாலும், இந்தச் சம்பவம் கிளப்பிய கேள்வி கோடு எழுதும் எல்லோருக்கும் பொருந்தும். இன்று கோடிங் படிக்காதவர்கள்கூட ஏஐ உதவியோடு செயலி, இணையதளம் உருவாக்குகிறார்கள். கல்லூரி கடைசி வருட புராஜெக்ட் முதல் கடை பில்லிங் சாஃப்ட்வேர் வரை எல்லாம் ஏதோ ஒரு லேப்டாப்பில் இருக்கிறது. அந்த லேப்டாப் போனால்? தவறுதலாக ஒரு ஃபோல்டர் அழிந்தால்? விரிவாகப் பார்க்கலாம்.

சோர்ஸ் கோடு என்றால் என்ன? அது போனால் ஏன் சிக்கல்?

நம் போனில் ஓடும் செயலி, மனிதர்கள் எழுதிய வடிவத்தில் இருப்பதில்லை. புரோகிராமர் எழுதுவது சோர்ஸ் கோடு. அதை இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித்தான் நமக்குத் தருகிறார்கள். சுலபமாகச் சொன்னால், செயலி என்பது சமைத்த சாம்பார். சோர்ஸ் கோடு என்பது அதன் செய்முறைக் குறிப்பு.

செய்முறை தொலைந்தாலும் பாத்திரத்தில் இருக்கும் சாம்பாரைச் சாப்பிடலாம். அதேபோல, சோர்ஸ் கோடு போனாலும் செயலி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் பலருக்கு இழப்பு உடனே தெரிவதில்லை. ஜிஎஸ்டி விகிதம் மாறும்போதோ, புது ஆண்ட்ராய்டு பதிப்பு வரும்போதோ, பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதோதான், திருத்துவதற்குக் கையில் எதுவும் இல்லை என்பது தெரியவரும்.

5 பேக்கப் இருந்தும் கைகொடுக்காத கதை

சின்ன டீம்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் பெரிய தளங்களில் ஒன்று 'கிட்லேப்'. அங்கேயே நடந்தது.

2017 ஜனவரி 31 இரவு. ஸ்பேம் காரணமாக கிட்லேப் சர்வர்களில் சுமை கூடியிருந்தது. முதன்மை டேட்டாபேஸை நகலெடுக்கும் இரண்டாவது சர்வர் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய நீண்ட நேரம் போராடிய ஒரு பொறியாளர், இரண்டாவது சர்வரில் இருந்த டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்க முடிவு செய்தார். ஆனால் அந்தக் கட்டளையை அவர் கொடுத்தது முதன்மை சர்வரில்.

ஓரிரு வினாடிகளில் தவறு புரிந்து நிறுத்தினார். ஆனால் அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது.

சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தார்கள். அங்கேதான் அதிர்ச்சி.

* தினமும் எடுக்கப்பட வேண்டிய டேட்டாபேஸ் பேக்கப், எடுக்கப்படவே இல்லை. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தவில்லை என்பது காரணம்.
* பேக்கப் தோற்றுப்போனால் எச்சரிக்கை மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்களும் அங்கீகாரப் பிரச்னையால் நிராகரிக்கப்பட்டு, யாருக்கும் போய்ச் சேரவில்லை.
* கிளவுட் டிஸ்க்குகளை அப்படியே படம்பிடிக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதி, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை.
* நகல் சர்வரில் இருந்த டேட்டா ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தது.

கடைசியில் காப்பாற்றியது ஒரு தற்செயல். வேறொரு சோதனைக்காக, சம்பவத்துக்குச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து மீட்டார்கள். அந்த நகல் இருந்த இடத்தின் டிஸ்க் வேகம் குறைவு என்பதால், காப்பி ஆகவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள்.

கோடு ஃபைல்கள் வேறு இடத்தில் இருந்ததால் அவை தப்பின. ஆனால் அந்த 6 மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 புராஜெக்ட்களின் விவரங்கள், 5,000 கமெண்ட்டுகள், 700 பயனர் கணக்குகள் போயே போய்விட்டன.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டளையைத் தவறாகக் கொடுத்த பொறியாளரை அல்ல. அசந்த நேரத்தில் யாருக்கும் அது நடக்கும். பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அது திரும்ப வருகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஓட்டை அங்கேதான் இருந்தது.

நகல் வேறு, பேக்கப் வேறு

"நான் கூகுள் டிரைவ்ல போட்டிருக்கேனே... அது பேக்கப் தானே?" என்று பலர் கேட்கிறார்கள். இதற்குப் பதில் 2013-ல் நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

லினக்ஸ் உலகில் பிரபலமான இலவச மென்பொருள் திட்டம் 'கேடிஇ'. அதன் முதன்மை சர்வரில் சுமார் 1,500 கோடு களஞ்சியங்கள் இருந்தன. அவற்றின் நகல்கள் உலகின் வெவ்வேறு இடங்களில் உள்ள சர்வர்களில் தானாகவே புதுப்பிக்கப்பட்டு வந்தன. 2013 மார்ச்சில் முதன்மை சர்வரில் ஃபைல்கள் சிதைந்தன. என்ன ஆச்சு தெரியுமா? நகல் சர்வர்கள் அந்தச் சிதைவையும் நேர்மையாகக் காப்பி எடுத்துக்கொண்டன! நல்வாய்ப்பாக ஒரே ஒரு சர்வரில் மட்டும் பழைய, சிதையாத நகல் அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் மீட்டார்கள்.

'சிங்க்' என்ற வசதியின் இயல்பே இதுதான். லேப்டாப்பில் ஒரு ஃபைலை அழித்தால் கிளவுடிலும் அழியும். ரேன்சம்வேர் வைரஸ் தாக்கி ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களே கிளவுடுக்கும் போகும். பேக்கப் என்றால், நேற்று எப்படி இருந்தது, போன வாரம் எப்படி இருந்தது என்று பின்னோக்கிப் போக முடிய வேண்டும்.

ஒரே சாவி, ஒரே கட்டடம்

பேக்கப் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நிறுவனம் மூடப்பட்டிருக்கிறது. 'கோட் ஸ்பேசஸ்' என்பது வாடிக்கையாளர்களின் சோர்ஸ் கோடைப் பாதுகாத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்த நிறுவனம். 2014 ஜூனில், அதன் அமேசான் கிளவுட் கணக்குக்குள் ஒரு ஹேக்கர் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கணக்கைத் திரும்பக் கைப்பற்ற முயன்றதும், உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். கோடும் அங்கேதான் இருந்தது; பேக்கப்பும் அங்கேதான் இருந்தது. இரண்டுக்கும் ஒரே சாவி. சுமார் 12 மணி நேரத்தில் பெரும்பகுதி காலி. நிறுவனம் இழுத்து மூடப்பட்டது.

ஒரே சாவியின் ஆபத்து இது என்றால், ஒரே கட்டடத்தின் ஆபத்தைக் காட்டியது தென் கொரியா. 2025 செப்டம்பர் 26-ல் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் அயன் பேட்டரியால் தீப்பிடித்தது. 709 அரசு கணினி சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி டிரைவ்' முற்றிலும் எரிந்துபோனது. அதில் இருந்தது 858 டெராபைட். பயன்படுத்தி வந்தவர்கள் சுமார் 1.25 லட்சம் ஊழியர்கள். அளவு பெரிது, அதன் சேமிப்பு முறைக்கு வெளியே பேக்கப் எடுக்க வசதியில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

இதில் வேதனை என்னவென்றால், சொந்த கணினியில் எதையும் வைக்காதீர்கள், ஜி டிரைவில் மட்டும் வையுங்கள் என்று ஊழியர்களுக்கு வழிகாட்டியதே அரசுதான். சொன்னபடி கேட்டவர்களே அதிகம் இழந்தார்கள்.

கோடு அழிந்துவிட்டது... முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதற்றத்தில் செய்யும் வேலைகள்தான் பல நேரம் மீட்கும் வாய்ப்பையும் கெடுக்கின்றன. இந்த வரிசையில் போங்க.

1. எடிட்டரை மூடாதீர்கள். கோடு எழுதும் சாஃப்ட்வேர் திறந்தே இருந்தால், 'அன்டூ' செய்து பாருங்கள். விஎஸ் கோடில் 'டைம்லைன்' என்ற பகுதியில், நீங்கள் ஒவ்வொரு முறை சேவ் செய்தபோதும் இருந்த பழைய வடிவம் இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, பைசார்ம் போன்றவற்றில் இதற்கு 'லோக்கல் ஹிஸ்டரி' என்று பெயர். பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது.

2. கிட் பயன்படுத்தினீர்களா? அப்படியென்றால் பாதி கவலை வேண்டாம். கோடில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிவு செய்யும் மென்பொருள்தான் 'கிட்'. ஒருமுறை 'கமிட்' செய்த கோடு, அழித்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே சில வாரங்கள் இருக்கும். 'கிட் ரீஃப்ளாக்' என்ற கட்டளை, நீங்கள் கடந்து வந்த ஒவ்வொரு நிலையையும் பட்டியலிடும். அதில் இருந்து பழைய நிலைக்குத் திரும்பலாம். கமிட் செய்யாமல் 'கிட் ஆட்' மட்டும் செய்திருந்தாலும், 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளை மூலம் தேடிப் பார்க்க வாய்ப்பு உண்டு. இரண்டுமே செய்யவில்லை என்றால் கிட்டால் உதவ முடியாது.

3. வேறு யாரிடம் இருக்கிறது? டீமில் உள்ள நண்பரின் லேப்டாப், செயலி ஓடும் சர்வர், எப்போதோ மெயிலில் அனுப்பிய ஜிப் ஃபைல், கல்லூரியில் சமர்ப்பித்த பென் டிரைவ்... எல்லாவற்றையும் தேடுங்கள். கிட்ஹப்பில் களஞ்சியத்தையே அழித்துவிட்டால், பெரும்பாலும் 90 நாட்களுக்குள் செட்டிங்ஸ் வழியாக மீட்கலாம். கூகுள் டிரைவ் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் வரை ஃபைல் இருக்கும்.

4. டிஸ்க்கில் இருந்து மீட்பது. மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் இதுதான் வழி. ஃபைலை அழிக்கும்போது, ஹார்டு டிஸ்க்கில் அதன் முகவரி மட்டும்தான் முதலில் நீக்கப்படும். புது டேட்டா அதன்மேல் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். அதனால் உடனே அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். டிஸ்க்கை வேறு கணினியில் இணைத்து, 'ஃபோட்டோரெக்', 'ரெகுவா' போன்ற கருவிகளை ஓட்டுங்கள்.

ஆனால் ஒரு கசப்பான உண்மை. இப்போதைய லேப்டாப்களில் இருப்பது எஸ்எஸ்டி. அதில் 'டிரிம்' என்ற வசதி, அழித்த ஃபைல் இருந்த இடத்தைத் தானாகவே துடைத்துவிடும். வேகத்துக்கு அது நல்லது, மீட்புக்குக் கெட்டது. எஸ்எஸ்டியில் அழிந்த கோடு இந்த வழியில் திரும்ப வரும் வாய்ப்பு மிகவும் குறைவு.

செயலி மட்டும் மிச்சம் இருந்தால்?

சாம்பாரை ருசி பார்த்து செய்முறையை எழுதுவதுபோல, செயலியில் இருந்து கோடை ஓரளவு திரும்ப எடுக்க முடியும். இதற்கு 'டிகம்பைல்' என்று பெயர்.

ஜாவாவில் எழுதிய ஆண்ட்ராய்டு செயலி என்றால் 'ஜாடெக்ஸ்' என்ற இலவசக் கருவி ஓரளவு படிக்கக்கூடிய கோடைத் தரும். ஆனால் நீங்கள் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகள் வராது. பல செயலிகளில் பெயர்களும் ஏ, பி, சி என்று சுருக்கப்பட்டிருக்கும். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதியது என்றால் இன்னும் கஷ்டம். அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை 2019-ல் இலவசமாக வெளியிட்ட 'கீட்ரா' போன்ற கருவிகள் உதவும். ஆனால் அந்தக் கோடைப் புரிந்துகொள்ளவே நாட்கணக்கில் ஆகும். இணையதளம் என்றால், பிரவுசருக்கு வரும் பக்கங்களை மீட்கலாம். சர்வருக்குள் ஓடும் பிஎச்பி கோடு வெளியே தெரியவே தெரியாது.

இதை உங்கள் சொந்த மென்பொருளுக்கு மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் செயலியில் கை வைத்தால் சட்டச் சிக்கல் வரும்.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாடுபட்டிருக்கின்றன. 2002-ல் வெளியான 'கிங்டம் ஹார்ட்ஸ்' வீடியோ கேமை 2013-ல் எச்டி தரத்தில் மறுவெளியீடு செய்தபோது, அசல் தரவுகளில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது தெரியவந்தது. விற்பனைக்கு வந்த கேமில் இருந்தே தோண்டி எடுத்து, பலவற்றை மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது.

அதிர்ஷ்டம் கைகொடுத்த கதையும் உண்டு. 1989-ல் வெளியான 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர், அதன் சோர்ஸ் கோடைப் பல வருடமாகத் தேடிக் கிடைக்காமல் விட்டுவிட்டார். 2012-ல் அவருடைய அப்பா, வீட்டு அலமாரியின் மூலையில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே பழைய ஃபிளாப்பிகள். பழைய கணினிகளில் கைதேர்ந்தவர்களை வரவழைத்து, கவனமாகப் படித்து, கோடை முழுவதும் மீட்டு கிட்ஹப்பில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்.

அப்பா பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

தடுப்பது எப்படி? 3-2-1 விதி

பேக்கப் உலகில் பல வருடமாகச் சொல்லப்படும் எளிய கணக்கு இது.

* 3 - எந்த முக்கிய ஃபைலுக்கும் 3 பிரதிகள் இருக்கட்டும். அசல் ஒன்று, நகல் இரண்டு.
* 2 - அவை 2 வேறு வகை சேமிப்பில் இருக்கட்டும். லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று என்பதுபோல.
* 1 - ஒரு பிரதியாவது வேறு இடத்தில் இருக்கட்டும். வீட்டில் தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ அது தப்பும்.

கோடு எழுதுபவர்களுக்கு இதில் பாதியை கிட் சுலபமாக்கிவிடுகிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் கிட்டை வடிவமைத்தபோதே, களஞ்சியத்தை நகலெடுக்கும் ஒவ்வொருவரிடமும் பொதுவாக முழு வரலாறும் போய்ச் சேரும்படி செய்தார். 2011-ல் லினக்ஸ் கோடு வைக்கப்பட்டிருந்த கெர்னல் டாட் ஓஆர்ஜி தளம் ஹேக் செய்யப்பட்டது. ஆனாலும் கோடு குறித்துப் பெரிய பதற்றம் எழவில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான புரோகிராமர்களிடம் அதன் முழுப் பிரதி இருந்தது. யாராவது ரகசியமாக மாற்றியிருந்தாலும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் தனிப்பட்ட களஞ்சியங்களை இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம். தினமும் வேலை முடிந்ததும் ஒரு 'கமிட்', ஒரு 'புஷ்'. இரண்டு நிமிட வேலைதான்.

கிட்டில் போட்டாலும் விட்டுப்போகும் 3 விஷயங்கள்

"எல்லாம் கிட்ஹப்ல இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

டேட்டாபேஸ்: கோடு மட்டும்தான் கிட்டில் இருக்கும். வாடிக்கையாளர் பட்டியல், பில் விவரம் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

பாஸ்வேர்டு, ரகசியக் குறியீடுகள்: இவற்றை கிட்டில் போடக் கூடாது என்பது சரியான பழக்கம்தான். ஆனால் அதனாலேயே அவை லேப்டாப்பில் மட்டும் தங்கிவிடுகின்றன. ஒரு நல்ல பாஸ்வேர்டு மேனேஜரில் பத்திரப்படுத்துங்கள்.

செயலியின் கையொப்பச் சாவி: ஆண்ட்ராய்டு செயலி உருவாக்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 'கீஸ்டோர்' ஃபைல் தொலைந்தால், அதே செயலிக்கு அப்டேட் கொடுக்க முடியாமல் போகலாம். கூகுளின் 'பிளே ஆப் சைனிங்' வசதியில் இருந்தால், அப்லோடு சாவி தொலைந்தாலும் புதிதாகக் கேட்டு வாங்கலாம். அதில் சேராத பழைய செயலி என்றால், புதுச் செயலியாக வெளியிட்டு, பயனர்களை முதலில் இருந்து சேர்க்க வேண்டியதுதான்.

கடைக்காரர்கள், சிறு தொழில் செய்பவர்கள் கவனத்துக்கு

கோடு எழுதாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் கடைக்கு ஒருவர் பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அதன் சோர்ஸ் கோடு யாரிடம் இருக்கிறது? அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால்? போனை எடுக்காவிட்டால்?

பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். களஞ்சியம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும். அவருக்கு அனுமதி கொடுங்கள். கோடு யாருக்குச் சொந்தம், எப்போது ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கோடைத் தர மறுத்தால், மூன்றாவது தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் 'எஸ்க்ரோ' முறையும் உண்டு. டொமைன், சர்வர் கணக்குகளும் உங்கள் மின்னஞ்சலில் இருப்பது நல்லது.

ஏஐ-யை வைத்து கோடு எழுதுகிறீர்களா?

ஏஐ கருவிகளுக்கு இன்று ஃபைலை எழுத, மாற்ற, அழிக்க எல்லா அனுமதியும் கொடுத்துவிடுகிறோம். அவை சில வினாடிகளில் 20 ஃபைல்களை மாற்றிவிடும். எது எங்கே மாறியது என்று தேடுவதற்குள் நல்லா ஓடிக்கொண்டிருந்ததும் ஓடாமல் போகும்.

அதனால் ஏஐ-யிடம் வேலை கொடுப்பதற்கு முன்பு ஒரு கமிட். வேலை நன்றாக முடிந்தால் இன்னொரு கமிட். உண்மையான வாடிக்கையாளர் டேட்டா இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை ஏஐ-யிடம் கொடுக்காதீர்கள். சோதனைக்குத் தனி டேட்டாபேஸ் வையுங்கள். ரெப்லிட் நிறுவனமும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, சோதனை டேட்டாபேஸையும் உண்மையான டேட்டாபேஸையும் தானாகவே பிரிக்கும் ஏற்பாட்டைத்தான் அறிவித்தது. பேக்கப் இருக்கும் கணக்குக்குள் நுழைய ஏஐ-க்கும் அனுமதி வேண்டாம். கோட் ஸ்பேசஸ் கதை நினைவிருக்கட்டும்.

இந்த வாரமே செய்து பார்க்க ஒரு சோதனை

மார்ச் 31-ஐ உலக பேக்கப் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் லேப்டாப் இன்று காணாமல் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் கணினியில் உட்காருங்கள். பேக்கப்பில் இருந்து மட்டும் கோடை இறக்கி, டேட்டாபேஸை ஏற்றி, செயலியை ஓடவைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எது விட்டுப்போனது என்று குறித்து வையுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கணினியில் இருந்து நீக்கிவிடுங்கள்.

முதல் தடவை பெரும்பாலும் ஏதாவது ஒன்று இடிக்கும். ஒரு பாஸ்வேர்டு இருக்காது, ஒரு ஃபைல் கிட்டில் ஏறியிருக்காது. பரவாயில்லை. கிட்லேப் அந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டது எல்லாம் அழிந்த பிறகு. உங்களுக்கு அசல் இன்னும் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். குறையைச் சரிசெய்துவிட்டு, 3 மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.